மிளகாய்த்தூள் மேல் விழுந்த பழி

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் பாதிக்கு மஞ்சள் தண்ணீர். தண்ணீருக்குள் நொய்யரிசி அளவு ஒரு சதைத் துணுக்கு. அது சற்று முன்பு என் நைனாவின் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

டாக்டர் அந்தக் குப்பியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "பாத்துக்கிட்டே இருப்பா" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு துணுக்கைச் சுற்றி மட்டும் லேசாக ஒரு சிவப்பு கசிந்தது. வெற்றிலை போட்ட எச்சில் தண்ணீரில் விழுந்தால் பரவுமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் குப்பி முழுக்க பஞ்சுமிட்டாய் நிறம்.

"கிருமி கீது" என்றார் டாக்டர். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறம் உண்மையென்றால், எங்கள் தெருவே சேர்ந்து என் அம்மாவின் மேல் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தது பொய்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் நடுவழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் ஊர். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை. நான் எட்டாவது படித்தபோது ஒரு நடவு நாளில் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சுருண்டுவிட்டார். நாற்றுக்கட்டோடு விழுந்தவரைக் கட்டை வண்டியில் தூக்கிப் போட்டு உத்திரமேரூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து காஞ்சிபுரம். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி எதையோ குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். குடல்புண் என்றார்கள். காரம் கூடாது, புளிப்பு கூடாது, வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும், கவலைப்படக் கூடாது.

அந்த டாக்டர் சொன்ன நாலில் மூன்றை யாரும் காதில் வாங்கவில்லை. என் அத்தை முதல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை நைனாவின் அக்கா. அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் நைனாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவளும் அவள்தான். எங்கள் தெருவிலேயே வீடு. அடித்தால் முதுகு வீங்கும், சோறு போட்டால் வயிறு வெடிக்கும், அப்படி ஒரு பெண்பிள்ளை. தம்பி என்றால் அவளுக்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அம்மாவின் குழம்பு மிளகாய்த்தூள் எங்கள் ஊரில் பேர் போனது. சித்திரை வெயிலில் களத்தில் மிளகாயும் தனியாவும் காயப்போட்டு, வெந்தயம், மிளகு, கொஞ்சம் பச்சரிசி எல்லாம் தனித்தனியாக வறுத்து, உத்திரமேரூர் மிஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டு வருவாள். மிஷின்காரர் தும்மிக்கொண்டே, "எம்மா, இன்னாத்த போட்டு வறுத்த, வாசனை தூக்குது" என்பாராம். அத்தையே வருஷத்துக்கு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நைனா வந்த அன்று அத்தை நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நெருப்ப ஊத்தி ஊத்தி எந்தம்பி கொடல ஓட்ட பண்ணிட்டியேடி! கொயம்பா வெச்ச நீ? கொள்ளிடி வெச்ச, கொள்ளி!"

அம்மா, "அண்ணி, நானும் அதத்தான துன்றேன்" என்றாள்.

"நீ துன்னுவ. உனுக்கு கல்லு வயிறு."

டப்பாவை அப்படியே எருக்குழியில் கவிழ்த்தாள். அங்கே கிளறிக்கொண்டிருந்த கோழிகள் தும்மின. கோழி தும்மும் என்பதையே அன்றுதான் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பிறகு நிற்கவே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், "டேய், உம்பொண்டாட்டிய கொயம்பு வாளி கிட்ட வுடாத, ஊரே ஆஸ்பத்திரிக்கி போவணும்" என்று நைனாவைக் கிண்டல் செய்வார்கள். நைனாவும் சிரிப்பார். அம்மா காதில் விழாத மாதிரி அப்பளம் போட்டுக்கொண்டு போவாள்.

அதன்பின் எங்கள் வீட்டில் மிளகாய் இல்லை. மோர்ச்சோறு, பாசிப்பருப்பு, அவித்த சுரைக்காய். தட்டு எப்போதும் வெள்ளையாக இருக்கும். ஆனால் வலி மட்டும் போகவில்லை. வரும், போகும், வரும். விடியற்காலையில்தான் வரும். நைனா எழுந்து உட்கார்ந்துகொண்டு ஒரு பிடி பச்சரிசியை மெல்லுவார். அந்தச் சத்தம் கேட்டால் வலி வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று காலையில் அத்தை வந்து சட்டியை முகர்ந்து பார்ப்பாள். ஆமாம், முகர்ந்துதான். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, "ஒளிச்சி மறச்சி மொளகா போட்டியா?" என்று கேட்பாள். போடவே இல்லை. ஆனாலும் அம்மா, "இல்ல அண்ணி" என்று அதிகாரியிடம் பதில் சொல்வது போல எழுந்து நின்று சொல்வாள்.

அம்மாவும் நம்பினாள் என்பதுதான் கொடுமை. தன் கை செய்த வேலை என்றே நம்பினாள். நானும் நம்பாமல் என்ன செய்வது? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காஞ்சிபுரத்தில் காலேஜில் விலங்கியல் சேர்ந்தேன். இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது, அதில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்று பாடத்தில் இருந்தது. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கினேன்.

நான் கடைசி வருஷம் படித்தபோது நைனாவுக்கு வலி முற்றிவிட்டது. வயிற்றைத் திறந்து ஒரு நரம்பை வெட்ட வேண்டும், மெட்ராஸுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. நானும் அம்மாவும் கூட இருந்தோம். நாங்கள் கிளம்பும்போது அத்தை, "அங்க போயி எதனா ஆக்கிப் போடாத, தாயே. டாக்டரு குடுக்கறத மட்டும் துன்னட்டும்" என்று அம்மாவிடம் கைகூப்பி விட்டுத்தான் அனுப்பினாள்.

வார்டுக்கு ஓர் இளம் டாக்டர் வந்தார். மேல்படிப்புப் படிக்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லி. சட்டைப் பையில் பேனா மை கசிந்திருந்தது. நைனாவின் படுக்கையோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமா வலி?"

நான் முந்திக்கொண்டேன். "நான் எட்டாவது படிக்கும்போது ஆரம்பிச்சது சார்."

"உங்கிட்ட கேக்கல தம்பி, அவர்ட்ட கேக்கறேன். ஐயா, மொத மொதல்ல எப்ப வந்துச்சு?"

நைனா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லியா?"

"கீது சார்" என்றார் நைனா. "சின்ன வயசுல மாடு மேய்க்கச் சொல்லவே வரும். வெறும் வயித்துல. எங்க அக்கா ஓமத் தண்ணி வெச்சிக் குடுக்கும். அடங்கிடும்."

"அப்ப கல்யாணத்துக்கு முன்னாலயே?"

"முன்னாலதான்."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "வெளிய சொல்லல சார். நோயாளின்னு பேராயிட்டா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு அக்காதான் சொல்லாதன்னிச்சி."

கல்யாணத்துக்கு முன்னால்! அம்மா இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால்! எருக்குழியில் கவிழ்ந்த டப்பா, தும்மிய கோழிகள், பந்திச் சிரிப்பு, சட்டியை முகர்ந்த மூக்கு, எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. முகர்ந்தவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தாள். அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். டம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் அலமாரி மேல் வைத்தாள். அவ்வளவுதான்.

டாக்டர் இதொன்றும் அறியாமல் எழுதிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி வயித்துவலி?"

"இல்ல சார்" என்றேன்.

"எனக்கு கீது" என்றாள் அம்மா.

நான் திரும்பினேன். "உனக்கின்னாமா?"

"வயித்து வலிதான். உங்க நைனாவுக்கு வர மாரியே. விடியக்காத்தால."

"எப்பலேந்து?"

"நீ தத்தித் தத்தி நடக்கச் சொல்ல இருந்து."

"ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவனெல்லாம் என்ன படித்தான் என்கிற பார்வை. "யார்கிட்ட சொல்றது? சொன்னா இன்னா சொல்லுவாங்க? வெச்சவளுக்கும் எரியுதா, எரியட்டும்னு உங்க அத்த சொல்லமாட்டா? கல்லு வயிறுன்னிட்டா. சரி, கல்லுன்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நைனா எழுந்து உட்கார்ந்தார். "இன்னாடி சொல்ற?" என்றார். அடுத்தடுத்த பாயில் படுத்த மனைவிக்கு வலி என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் பச்சரிசி மென்ற விடியற்காலைகளில் அவளும் விழித்துக்கொண்டு, சத்தம் வராமல் சுருண்டு கிடந்திருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. தவளையின் குடலைப் பிரித்து அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தவன் நான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஸ்டூலை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தான் செய்யும் ஆராய்ச்சியைச் சொன்னார். வெளிநாட்டில் சில டாக்டர்கள் குடல்புண் உள்ளவர்களின் இரைப்பையில் ஒரு கிருமியைப் பார்த்திருக்கிறார்களாம். நெளிந்த உடம்பு, ஒரு முனையில் வால் வாலாக. புண்ணுக்கு அதுதான் காரணமோ என்று சந்தேகப்படுகிறார்களாம். நம் ஊர் ஆட்களிடமும் இருக்கிறதா என்று இவர் தேடுகிறார்.

"சார், இரைப்பைல ஆசிட் இருக்கே. கிருமி எப்பிடி சார் உயிரோட இருக்கும்?" என்று கேட்டேன். மார்க் வாங்கின பதிலாயிற்றே, விட மனம் வரவில்லை.

"எங்க பெரிய டாக்டரும் இதையேதான் கேட்டுச் சிரிக்கிறாரு. இருக்குதேப்பா, என்ன பண்றது? தன்னச் சுத்தி இருக்கற ஆசிட்ட மட்டும் அது முறிச்சுக்குது. வேணும்னா கண்ணால பாரு."

அப்படித்தான் நைனாவின் வாய் வழியாக விளக்கு வைத்த குழாய் இறங்கியது. அதில்தான் அந்தத் துணுக்கு வந்தது. கிருமி ஆசிட்டை முறிக்கும்போது இந்தத் தண்ணீர் நிறம் மாறும். மஞ்சள் சிவந்ததை மேலே சொன்னேன்.

மறுநாள் அம்மா குழாய் விழுங்கினாள். தொண்டை மரத்துப்போக மருந்தடித்ததும், "நாக்கே இல்லாத மாரி கீது" என்று மழலையாகச் சொன்னாள். அவளுடைய துணுக்கை டாக்டர் இன்னொரு குப்பியில் போட்டார். குப்பி மேல் பேர் எழுதிய காகிதத்தை ஒட்டுவதற்குள் தண்ணீர் சிவந்துவிட்டது. நைனாவுடையதைவிடச் சீக்கிரம். கல்லு வயிறு!

"ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். புருஷன் சாப்பிட்டு எழுந்ததும், அவர் விட்டுவைத்த ஒரு கைச் சோற்றின் மேலேயே தன் சோற்றைப் போட்டுக்கொண்டு மனைவி சாப்பிடுவாள். தனித்தட்டு எடுத்தால் அகம்பாவக்காரி. அத்தை எங்கள் வீட்டில் இருந்தால் அதையும் கவனிப்பாள்.

"அதுலேந்து ஒட்டிக்குமா சார்?" என்றேன்.

"தெரியாது. யார்கிட்டேந்து யாருக்கு, எப்பிடிப் போவுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. வாய் வழியா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம். இது இருக்கற எல்லாருக்கும் புண்ணு வரதும் இல்ல. எச்சில் தட்ட விட்டா நல்லது, அவ்ளோதான் சொல்வேன்."

"மொளகா?" என்று அம்மா கேட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

"மொளகா எரியும்மா. புண்ணு மேல பட்டா எரியும். ஆனா இந்தப் புண்ணையே மொளகா உண்டாக்கிச்சுன்னு எனக்குத் தோணல."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தபோது குப்பிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சரி, மாத்திரை குடுத்துப் பாரு. கேக்கலன்னா கத்தி இருக்கவே இருக்கு" என்றார். மூன்று வகை மாத்திரை. இருவருக்கும். அதில் ஒன்று நாக்கைக் கரியாக்கும் என்று முன்பே சொன்னார்கள். அப்படியும் காலையில் நைனா வாயைத் திறந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அடுப்புக் கரியைப் பூசின மாதிரி நாக்கு. வெளிக்குப் போனாலும் கறுப்பு.

ஊருக்கு வந்ததும் அத்தை அந்த நாக்கைத்தான் முதலில் பார்த்தாள். "ஐயையோ, இன்னாத்தடி குடுத்துத் தொலைச்ச?" என்று அம்மா மேல் பாய்ந்தாள்.

"அவளும் காட்டுவா, பாரு" என்றார் நைனா. அம்மா நாக்கை நீட்டினாள். அதுவும் கறுப்பு. அத்தை பின்வாங்கிப் போனாள்.

மாத்திரை தீர்ந்து, நாக்கு பழையபடி சிவந்தது. விடியற்காலையில் பச்சரிசி மெல்லும் சத்தம் நின்றது. ஒரு வாரம் கேட்கவில்லை. ஒரு மாதம் கேட்கவில்லை. நான்தான் தூக்கம் கலைந்து கலைந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் அம்மாவிடம், "உனக்கு?" என்றேன். "ஊஹூம்" என்று தலையாட்டினாள். திரும்ப வராது என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. வந்தால் வரச் சொல்லியிருந்தார்.

சித்திரையில் ஏரி வற்றி மீன் பிடித்தார்கள். நைனா பெரிய விரால் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "கொயம்பு வெய்யி" என்றார். அம்மா முந்தின வாரம்தான் உத்திரமேரூர் மிஷினுக்குப் போய்த் தூள் அரைத்து வந்திருந்தாள். வாசனைக்கு அத்தை வந்துவிட்டாள். வாசற்படியிலேயே, "அறிவுகீதாடி உனக்கு? இப்பத்தான் பொழச்சி வந்தான்" என்று ஆரம்பித்தாள்.

எனக்கு இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. குப்பியையும் கிருமியையும் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மிளகாய் காரணம் இல்லை, அம்மா காரணம் இல்லை என்று சொன்னேன். அத்தை தாடையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். புரிந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

"கிருமியா?" என்றாள்.

"ஆமா அத்த."

"இவ வயித்துலயும் கீதா?"

"கீது."

"அப்ப இவதான் கொண்டாந்து குட்த்துகீறா! எங்க வூட்டுல ஏதுடா கிருமி? இவ ஆத்தா வூட்லேந்து வயித்துல கட்டிக்கினு வந்து எந்தம்பிக்கு ஒட்ட வெச்சிட்டா!"

குப்பி சிவந்தபோது பட்ட அதிர்ச்சியெல்லாம் இதன் முன் ஒன்றுமே இல்லை. மிளகாய் போனால் பழியும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மிளகாய்தான் போயிற்று. பழி இடம் மாறி அதே ஆள் மேல் உட்கார்ந்துகொண்டது. "அத்த, மொதல்ல யாருக்கு..." என்று எழுந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். அவள் நைனாவைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை.

நைனா தரையில் விரலால் எதையோ கீறிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றார் கடைசியில். தலை நிமிரவில்லை. "ஓமத் தண்ணி யாருக்கு வெச்சிக் குடுத்த?"

அத்தை கொதிக்கும் சட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"இவ வரதுக்கு முன்னால யாருக்குக் குடுத்த, சொல்லு."

"எல்லா புள்ளைக்குந்தான் வயித்த வலிக்கும்" என்று முணுமுணுத்தாள் அத்தை. குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

"எனக்கு வலிச்சிச்சி. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவளுக்குத்தான் தெரியாது. அதோட வுடு."

அத்தை எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

அம்மா நைனாவுக்குத் தட்டு வைத்தாள். எனக்கு வைத்தாள். அத்தைக்கும் வைத்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, நைனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தையின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது.

"டாக்டரு எச்சித்தட்டு கூடாதுன்னாரு" என்றாள் அம்மா.

சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவினாள். எங்கள் வீட்டில் மீனின் நடுத்துண்டு நைனாவுக்கு, அடுத்தது எனக்கு, வால் துண்டு மிஞ்சினால் அம்மாவுக்கு. நைனாவுக்கு ஒரு நடுத்துண்டு வைத்தாள். இன்னொரு நடுத்துண்டு கரண்டியில் வந்தது. அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். ஆவி பறந்தது. முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தூள் காரமான தூள்தான்.